எயின்சீகாவில் ஒரு குளிர்காலம்

ரங்கூனில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் காரை எயின்சீகா என்போம். பர்மியச் சொல். எயின் என்றால் வீடு, சீ என்றால் ஏறிப் போவது, கா என்றால் கார். வீட்டார் ஏறிப் போகும் கார். ஆளோடு ஆள் இடித்துக்கொண்டு தொங்கும் பஸ்ஸுக்கு லைன்கா என்று பெயர். அதில் போகிறவர்கள் எயின்சீகாவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். ஒரு மனிதன் தேறிவிட்டான் என்பதை எங்கள் ஆட்கள் இந்த ஒரு சொல்லிலேயே சொல்லிவிடுவார்கள். "அவனுக்கென்ன, எயின்சீகா வச்சிருக்கான்" என்றால் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

நான் எயின்சீகா வாங்கியது ஐம்பத்து மூன்றாவது வயதில், நார்வே நாட்டின் வடகோடியில். அது கார் இல்லை. ஒரு பழைய வேன். உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்த வேன்.

இருபத்தைந்து வருடம் கப்பலில் சமையல்காரனாக இருந்தேன். முழங்கால் கப்பலின் ஏணிகளோடு ஒத்துப்போகாததால் கரையேறி, அங்கே ஒரு மீன் ஆலையில் சேர்ந்தேன். ஐஸ் நிரப்பிய பெட்டிகளில் மீனை அடுக்கும் வேலை. முதல் வருடம் ஆலையே தங்க இடம் கொடுத்தது. இரண்டாம் வருடம் ஆட்கள் அதிகமாகிவிட்டதால், கடைசியாகப் போய்ச் சேர்ந்த எனக்கு அறை இல்லை என்றார்கள். ஊரில் வாடகைக்கு இருந்த அறைகளையெல்லாம், வானத்தில் தெரியும் பச்சை வெளிச்சத்தைப் பார்க்க வரும் பயணிகள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வெளிச்சத்தைப் பார்க்க இத்தனை பேர் விமானம் ஏறி வருவார்களா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. ஓய்வுபெற்ற பிளம்பர் ஒருவர் தன் வேனை விற்கிறார் என்று கேள்விப்பட்டு, அதை வாங்கிவிட்டேன்.

பின்பக்கம் ஒரு கட்டில். அதற்கு எதிரே கேஸ் அடுப்பும் சின்னத் தொட்டியும். டிரைவர் இருக்கைகளுக்கு மேலே, கூரையை ஒட்டி, இன்னொரு படுக்கை. அதில் நான் சாமான்களை அடைத்து வைத்திருந்தேன். கட்டிலுக்குக் கீழே டீசலில் ஓடும் ஹீட்டர். நடுவில் நின்றுகொண்டு கையை நீட்டினால் வீட்டில் உள்ள எல்லாப் பொருளையும் தொடலாம். கப்பலில் வாழ்ந்தவனுக்கு அது ஒன்றும் புதிதில்லை.

வாங்கிய கையோடு அக்காவைக் கூப்பிட்டேன். எனக்கு உலகத்தில் இருந்த ஒரே சொந்தம் அவள்தான். என்னைவிட ஐந்து வயது மூத்தவள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரங்கூனில் பபேடான் பகுதியில் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. பர்மியப் பெண்கள் கட்டும் தமெயினுக்கு இடுப்பில் கறுப்புத் துணியில் ஒரு பட்டை வைத்துத் தைப்பார்கள். அந்தப் பட்டை தைப்பதுதான் அவளுடைய பிழைப்பு. அப்பா அம்மா போன பிறகு நான் தமிழில் பேசுவது அவள் ஒருத்தியிடம்தான். கப்பலில் எனக்கு வேறு பாஷைகள் இருந்தன. என் தமிழ் அவளுக்காக மட்டும் வைத்திருந்தது.

"அக்கா, எயின்சீகா ஒண்ணு வாங்கிட்டேன்" என்றேன்.

வேடிக்கையாகத்தான் சொன்னேன். வீடும் அதுதான், ஏறிப் போவதும் அதுதான். இந்தச் சொல் இதற்கென்றே செய்தது போல இருக்கிறதே என்று எனக்குள் ஒரு சிரிப்பு. அவள் சிரிப்பாள், பிறகு விளக்கலாம் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அடப்பாவி! ஒரு வார்த்த சொல்லவேயில்லையே! என்னா கலரு?"

"வெள்ளை."

"வெள்ளையா! பெருசா, சின்னதா?"

"பெருசுதான்க்கா. அது வந்து..."

லைன் அறுந்துவிட்டது. ரங்கூனில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் போன் கோபுரமும் படுத்துவிடும். கரண்டை நாங்கள் மீ என்போம். மீ வருவதும் போவதும்தான் எங்கள் ஊரின் பொழுது. மறுபடியும் மீ வந்து நான் கூப்பிட்டபோது இரண்டு நாள் ஆகியிருந்தது. அதற்குள் காரியம் கை மீறிவிட்டது. என் தம்பி வெளிநாட்டில் எயின்சீகா வாங்கிவிட்டான் என்று அந்தக் கட்டடத்தின் ஐந்து மாடிக்கும், கீழே மசாலாக் கடைக்கும், எதிர்வரிசை டீக்கடைக்கும் அக்கா சொல்லி முடித்திருந்தாள். கார் இருப்பவன் அதை நிறுத்த இடம் வைத்திருப்பான், இடம் இருந்தால் வீடு இருக்கும். இதுதான் அவள் கணக்கு. ஆக எனக்கு வீடும் வந்துவிட்டது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அவள் குரலில் அப்படி ஒரு துள்ளல். மடித்த துணியும் தையல் மிஷினுமாகவே காலம் போன ஒருத்திக்கு, மாடிப்படியில் நாலு பேர் நின்று தம்பியைப் பற்றி விசாரித்தது இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. அதை உடைக்க எனக்கு மனசு வரவில்லை. இது பாதி உண்மை. மீதிப் பாதி, அவள் வாயால் என்னைப் பெரிய மனிதன் என்று கேட்க எனக்கும் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு நான் ஒரு சாமர்த்தியம் பழகினேன். பொய்யே சொல்வதில்லை. அவள் கேட்பாள், நான் உள்ளதைச் சொல்வேன்.

"வூட்டுல எத்தன ஜன்னல்?"

"அஞ்சுக்கா. முன்னால ஒண்ணு ரொம்பப் பெருசு."

"என்னா தெரியுது அதுல?"

"கடல் தெரியுது. அதுக்கப்பால மலை."

"குசினி தனியா இருக்கா?"

"தனியா இல்ல. ஆனா அடுப்பு, தொட்டி எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு."

"அக்கம்பக்கம் எப்புடி?"

"சத்தமே இல்ல. ரொம்ப அமைதி."

ஒவ்வொன்றும் சத்தியமான பதில். போனை வைத்ததும் எனக்கு என் மேலேயே ஒரு மெச்சுதல் வரும். இத்தனை உண்மையைச் சேர்த்து இவ்வளவு பெரிய வீட்டைக் கட்டியவன் ரங்கூன் தமிழர்களில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நவம்பர் கடைசியில் சூரியன் கிளம்பிப் போனது. அந்த ஊரில் அது இரண்டு மாதத்துக்குக் கிட்ட எழுந்து வராது. பகல் பதினொரு மணிக்குமேல் வானத்தில் ஒரு நீலம் பரவும், நீலச் சாயம் போட்ட வேட்டியை அலசிய தண்ணீர் மாதிரி. இரண்டு மணிக்கெல்லாம் அதுவும் போய்விடும். பபேடானில் மீ வருவது பெரும்பாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு. எனக்கு அப்போது பகல் பதினொன்றரை. ஆலையில் சாப்பாட்டு நேரம். வேனுக்கு ஓடிவந்து போனை எடுப்பேன்.

முதல் முறை வீடியோவில் ஜன்னலைக் காட்டச் சொல்லிப் பார்த்தபோது அக்கா பயந்துவிட்டாள்.

"என்னாடா இருட்டா கெடக்கு? அங்கயும் மீ பியெட்டா?"

மீ பியெட் என்றால் கரண்ட் கட். இல்லை, இங்கே சூரியனே வராது என்றேன். "சூரியனுக்கா மீ பியெட்டு?" என்று கேட்டுவிட்டு, தன் கேள்விக்குத் தானே சிரித்தாள். பிறகு கவலையாக, "எப்ப வுடுவாங்களாம்?" என்றாள். தை பிறந்து சில நாளில் வந்துவிடும் என்றேன். "நோட்டீஸ் போட்டாச்சா? நம்ம ஊருன்னா அதுவும் போடமாட்டான்" என்றாள். அன்று முழுவதும் பெட்டி அடுக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லலாம் என்றால் அவனுக்கு எதிலிருந்து தொடங்கி விளக்குவது?

பனி என்ற சொல்லும் அப்படித்தான். "இங்க பனி பெய்யுதுக்கா" என்பேன். "தலைக்குத் துண்டு கட்டிக்க, நீர் கோத்துக்கும்" என்பாள். அவளுக்குப் பனி என்றால் மார்கழிக் காலையில் தலைமுடியில் பொடிப்பொடியாக நிற்கும் ஈரம். எனக்கோ காலையில் கதவைத் தோளால் முட்டித் திறக்க வேண்டியிருந்தது. வேனுக்குள் நான் விட்ட மூச்சே இரவில் ஜன்னல் கண்ணாடியில் உறைந்துவிடும். அதைச் சுரண்டி எடுக்கத் தோசைத்திருப்பி வைத்திருந்தேன். குடிதண்ணீர் பாட்டிலையும் போனையும் கம்பளிக்குள் என்னோடு படுக்கவைப்பேன். அலமாரியில் வைத்த நாப்பி செங்கல்லாகிவிட்டது. நம் ஊரில் மூக்கைப் பிடிக்கவைக்கும் அந்த மீன் விழுதை ஸ்க்ரூ டிரைவரால் பெயர்த்து எடுத்தால் ஒரு வாசனையும் இல்லை. சட்டியில் விழுந்து சூடு ஏறிய பிறகுதான் அதற்கு உயிர் வரும். அந்த நாற்றம் வேனுக்குள் பரவும்போது எனக்குக் கண் கலங்கும். நாற்றத்துக்காக அழுதேன் என்று யாரிடம் சொல்வது.

தனிமையை அங்கேதான் பார்த்தேன். கப்பலில் மாதக்கணக்கில் கரையைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன், அது தனிமை இல்லை. அங்கே யாராவது ஒருவன் சாதம் குழைந்துவிட்டது என்று சண்டைக்கு வருவான். இங்கே ஆலையில் இரைச்சல் தாங்காமல் எல்லோரும் காதை மூடிக்கொண்டு வேலை செய்வோம். கையால்தான் பேச்சு. கடையில் நாமே பொருளை மெஷினில் காட்டிப் பணம் கட்டிவிட்டு வெளியே வரலாம். பெட்ரோல் பங்க்கில் ஒரு பெண் மட்டும் காலையில் என்னைப் பார்த்தால் தலையசைப்பாள். அங்கேதான் குளிப்பேன். ஒரு நாள் அவள் விடுப்பில் போயிருந்தாள். அன்று யாரும் என்னைப் பார்த்துத் தலையசைக்கவில்லை. ஹீட்டர் கனைத்துக்கொண்டு பற்றும்போது "வாங்க" என்று நான் சொல்ல ஆரம்பித்தது அந்த வாரம்தான்.

டிசம்பர் நடுவில் அக்கா ஒரு சேதி சொன்னாள். அவள் இருந்த கட்டடத்தை இடித்துக் கட்டப் போகிறார்கள். ஏப்ரலில் தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்னால் எல்லோரும் காலி செய்ய வேண்டும். நாற்பது வருடம் இருந்த அறை. நான் பதறிப்போய் எங்கே போவாய் என்று கேட்டேன். அவள் பதறவில்லை.

"பாக்கலாம், இருக்குல்ல" என்றாள்.

எது இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

சூரியன் திரும்பி வந்த வாரத்தில் சொன்னாள், பின்தெருவில் ஒரு அறை காலியாக இருப்பதாக மசாலாக் கடைக்காரர் அவளிடம்தான் முதலில் வந்து கேட்டாராம். தரைத்தளம். தையல் மிஷினைப் படி ஏற்ற வேண்டாம், வாடிக்கைக்காரர்களும் பக்கத்திலேயே இருப்பார்கள்.

"நல்லதாப்போச்சு! எடுத்துக்க வேண்டியதுதானே?"

"வேணான்னுட்டேன்" என்றாள். குரலில் ஒரு மிதப்பு. "என் தம்பி அங்க வூடு வாசல்னு இருக்கான், கடலப் பாத்த ஜன்னலு, எனக்கெதுக்கு இந்தப் பொந்துன்னேன். அவரு வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு. பாஸ்போட்டுக்குப் போட்டோ எடுத்துட்டேன்டா. மூஞ்சி விளங்கல, போ."

அவள் ஒரு தடவைகூட என்னைக் கூப்பிட்டுக்கொள் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுக்க நானும் வழி வைத்திருப்பேன். கேட்காமலே ஐந்து ஜன்னல் வீட்டில் தனக்கு ஒரு மூலை இருப்பதாக எடுத்துக்கொண்டாள். தம்பி வீடு என்றால் கேட்டுக்கொண்டா போவார்கள்? என் உண்மைகள் எல்லாம் சேர்ந்து அவளுடைய தரைத்தள அறையைப் பறித்துவிட்டன.

அடுத்த முறை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அடுத்த முறை மீ சீக்கிரம் போய்விட்டது. அதற்கு அடுத்த முறை அவளுக்கு ஜலதோஷம். பிப்ரவரி பாதி இப்படியே போனது. மீ போகும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி. வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை.

பிப்ரவரி கடைசியில் ஆலை எங்களில் சிலரை மலைக்கு அப்பால் இருந்த இன்னொரு துறைமுகத்துக்கு அனுப்பியது. மற்றவர்கள் பஸ்ஸில் போனார்கள். நான் வீட்டை ஓட்டிக்கொண்டு போனேன். மலைப்பாதையில் காற்று மோசமானால் அங்கே சாலையைக் குறுக்குக் கட்டை போட்டு அடைத்துவிடுவார்கள். பனி தள்ளும் வண்டி வந்த பிறகு, அதன் பின்னால் எல்லோரும் வரிசையாகப் போக வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டை விழுந்திருந்தது. எனக்கு முன்னால் ஒரே ஒரு லாரி. அதன் பின்விளக்குகூட ஒரு நேரம் தெரியும், ஒரு நேரம் தெரியாது. காற்று வேனைத் தொட்டில் மாதிரி ஆட்டியது. இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்த நேரத்தில் ஹீட்டர் இருமியது, நின்றது. பேட்டரி இறங்கிவிட்டது. சாவியைத் திருப்பினேன், இஞ்சினும் முனகிவிட்டு அடங்கிப்போனது. வெளியே மைனஸ் பதினெட்டு. கோட்டு, கம்பளி, அதன் மேல் இன்னொரு கம்பளி என்று சுற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். கால்விரல்கள் என்னுடையவையாக இல்லை. அப்போது போன் அடித்தது. சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்ததால் அது மட்டும் சூடாக இருந்தது.

அக்கா வீடியோவில் வந்தாள். பின்னால் டியூப்லைட் எரிந்தது. முகம் முழுக்க வியர்வை, கையில் விசிறி.

"தோ! என்னா இது? சுருட்டு குடிக்கிறியா?"

என் மூச்சு புகையாகப் போவதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாள். இல்லை என்றேன். சொன்னபோது இன்னும் கொஞ்சம் புகை போனது.

"கண்ணு முன்னாலயே புகைய வுட்டுட்டு இல்லைங்குற. அப்பா எதுல போனாரு, தெரியாதா உனக்கு? அவ்வளவு பெரிய வூட்டுல ஒத்தையா ஒக்காந்துகிட்டு..."

எனக்குப் பொங்கிவிட்டது. குளிர், பயம், இரண்டு மாத இருட்டு எல்லாம் சேர்ந்து என் வாயில் கோபமாக வந்தது.

"சுருட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல! இது வூடே இல்லக்கா. வண்டி! வண்டியிலதான் படுக்குறேன், வண்டியிலதான் ஆக்கித் திங்குறேன். எயின்சீகான்னு சொன்னது இதத்தான். வூடுன்னு நீயா நெனச்சுக்கிட்ட!"

கடைசி வாக்கியத்தை எப்படித்தான் சொன்னேனோ! சொல்லி முடித்ததும் போனைத் திருப்பி எல்லாவற்றையும் காட்டினேன். அடுப்பு, தொட்டி, பனி பூத்த கண்ணாடி, என் கால்கள். மேல்படுக்கை பக்கம் மட்டும் திருப்பவில்லை. அப்போது அதைப் பற்றி யோசித்துச் செய்யவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

அக்கா விசிறுவதை நிறுத்திவிட்டாள். திட்டுவாள், அழுவாள், ஊரெல்லாம் சொல்லிவிட்டேனே என்பாள் என்று காத்திருந்தேன். அவள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து உற்றுப் பார்த்தாள்.

"குளிருதாடா?" என்றாள்.

"ஹீட்டர் நின்னுபோச்சு. லாரிக்காரன் ஒருத்தன் இருக்கான், போய்க் கேக்கணும்."

"போய்க் கேளு மொதல்ல." சொல்லிவிட்டு வைக்காமல் நின்றாள். பிறகு, கடையில் துணி விலை விசாரிக்கும் குரலில், "அதுல ரெண்டு பேரு படுக்கலாமா?" என்றாள்.

எனக்கு அந்தக் கேள்வி புரிய ஒரு கணம் பிடித்தது. வீடு இல்லை என்றதும் அவள் வீட்டை விட்டுவிட்டாள். அவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாள். ஜன்னலும் கடலும் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. வண்டியில் இடம் இருக்கிறதா என்று கேட்கிறாள்.

"ஒருத்தர்தான்க்கா" என்றேன்.

அந்தக் குளிர்காலத்தில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். தலைக்கு மேலே ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்க இடம் இருந்தது. அதில் ஒரு கயிற்றுச் சுருளும் பழைய டயரும் படுத்திருந்தன.

ஏன் சொன்னேன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அவளுக்கு விசா கிடைத்திருக்காது, அது எனக்கு நன்றாகத் தெரியும். அவள் கேட்டது விசா இல்லை. படுக்கலாம்க்கா, வா என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் குறைந்திருக்காது. அவள் எங்கே போனாலும் அந்த இடத்தை மனதில் வைத்துக்கொண்டு போயிருப்பாள். என்னை இந்தக் கோலத்தில் அவள் பக்கத்தில் இருந்து பார்ப்பதை நினைக்க எனக்குக் கூசியது. இன்னொன்றும் உண்டு. தனிமை தனிமை என்று புலம்பிக்கொண்டிருந்தேனே தவிர, அந்தச் சின்ன இடத்தைப் பங்குபோட நான் தயாராக இல்லை. தனியாக இருந்து இருந்து மனசு அப்படிக் கட்டிப்போயிருந்தது.

"யபாதே" என்றாள் அக்கா. பரவாயில்லை என்பதற்கு நாங்கள் சொல்லும் பர்மியச் சொல். "யபாதே, யபாதே. எனக்குந்தான் குளிரு ஆவாதே. போ, போய் லாரிக்காரனக் கேளு."

லாரிக்காரர் வந்து தன் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து இஞ்சினைக் கிளப்பிக் கொடுத்தார். தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார். மாலையில் பனி தள்ளும் வண்டி வந்தது. அதன் பின்னால் லாரி, லாரியின் பின்னால் நான். முன்னால் தெரிந்த சிவப்பு விளக்கை விட்டுக் கண்ணை எடுக்காமல் மலையைக் கடந்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

ஏப்ரலில் அக்கா ஷ்வேபியிதாவுக்குக் குடிபோனாள். ஊருக்கு வெளியே, லைன்காவில் இரண்டு மணி நேரம். யாரோ வீட்டின் பின்கட்டில் தட்டியால் மறைத்த ஒரு இடம். பழைய வாடிக்கைக்காரர்கள் அவ்வளவு தூரம் தமெயினைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. போனில் இதையெல்லாம் அவள் சொன்னதில்லை. நல்ல காற்று, மரம் இருக்கிறது, குயில் கூவுகிறது என்றாள். நான் நம்பினேன். அவளும் பொய் சொல்லவில்லை என்பது, மழைக்காலத்தில் நான் திரும்பி வந்து நேரில் பார்த்தபோதுதான் தெரிந்தது. மரம் இருந்தது. குயிலும் கூவியது. தரையில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. தையல் மிஷின் நாலு செங்கல் மேல் ஏறி நின்றது. அவள் படுக்கை, ஒரு மர பெஞ்சு.

அங்கே வேலை செய்ய எனக்கிருந்த அனுமதி அந்த மே மாதத்தோடு முடிந்திருந்தது. நீட்டிக்க எழுதிக் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. வேனை விற்றுவிட்டு வந்தேன். இப்போது நாங்கள் இருவரும் ரங்கூனுக்குள்ளேயே மிங்கலா தாங்ஞுன்ட்டில், ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு அறையில் இருக்கிறோம். தரைத்தளம். பகலில் நான் ஒரு கடையில் பிரியாணி போடுகிறேன். அவள் பட்டை தைக்கிறாள். ரயில் போகும்போது இருவரும் பேச்சை நிறுத்திக்கொள்வோம். போன பிறகு, எதில் விட்டோம் என்பது பல நேரம் இரண்டு பேருக்குமே நினைவிருப்பதில்லை. வேனைப் பற்றி அவள் எதையும் கேட்டதில்லை. நானும் எடுத்ததில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம் என் போனை வாங்கிப் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு டிசைன் தேடுகிறாள் என்று நினைத்தேன். ஒரு படத்தில் விரல் நின்றது.

அது வேனை விற்க நான் எடுத்த படம். இரண்டு பேர் படுக்கலாம் என்று காட்டினால்தான் விலை வரும் என்றார்கள். கயிற்றையும் டயரையும் இறக்கிவிட்டு, மேல்படுக்கையைத் துடைத்து, மெத்தை போட்டு, வெள்ளை விரிப்பு விரித்து, ஒரு தலையணையும் வைத்து எடுத்திருந்தேன். ஜன்னல் வெளிச்சம் நேராக அதன் மேல் விழுந்திருந்தது.

அக்கா இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நகர்த்திப் பார்த்தாள்.

"ஆறு அடி இருக்குமா?"

"இருக்கும்."

"நான் நாலு அடி பத்து" என்றாள். தையல்காரி அளவு சொல்வது போலத்தான் சொன்னாள், குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. "இதுல நான் படுத்திருப்பேனேடா."

"ஆமாக்கா" என்றேன்.

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ரயில் வந்துவிட்டது. அது போய் முடியும்வரை அவள் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.